ஒரு முறை மறுத்தால் போதும், இரு முறை ஒப்ப வேண்டும்: ஆப்பிளுக்கு விதித்த அபராதம் நியாயமா?

சட்டவாசகி எழுதியது:

வணக்கம். ஐபோனில் ஒரு செயலியைப் புதிதாகத் திறந்ததும், பிற நிறுவனங்களின் செயலிகளிலும் இணையதளங்களிலும் உங்கள் நடவடிக்கையைப் பின்தொடர இந்தச் செயலியை அனுமதிக்கிறீர்களா என்று கேட்கும் பெட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2021 ஏப்ரல் 26 அன்று வெளியான ஐஓஎஸ் 14.5 பதிப்போடு அது கட்டாயமானது. பயனர் மறுத்துவிட்டால், 2012 முதல் ஆப்பிள் தன் கருவிகளுக்குக் கொடுத்து வந்த விளம்பர அடையாள எண் (பல செயலிகளிலும் ஒரே கருவியை விளம்பர நிறுவனங்கள் இனங்காண உதவும் எண்), அந்தச் செயலிக்கு வெறும் சுழியங்களின் வரிசையாகத்தான் கிடைக்கும்.

இந்த ஏற்பாட்டுக்காக 2025 மார்ச் 31 அன்று, வணிகப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் பிரான்சின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 15 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் இத்தாலியின் ஆணையமும் ஏறத்தாழ 9.86 கோடி யூரோ விதித்தது. பலர் இதை, தனியுரிமையைக் காப்பாற்றியவருக்குத் தண்டனை என்று எழுதுகிறார்கள். பிரெஞ்சு முடிவைப் படித்தால் அப்படி இல்லை. பெட்டியின் நோக்கத்தில் குற்றமில்லை என்று ஆணையம் ஒப்புக்கொள்கிறது. 2021 ஏப்ரல் முதல் 2023 ஜூலை வரை அதை நடைமுறைப்படுத்திய விதம் அந்த நோக்கத்துக்குத் தேவையானதாகவும் இல்லை, அளவாகவும் இல்லை என்பதே அதன் முடிவு.

காரணம் எளிது. ஆப்பிளின் பெட்டியில் கிடைக்கும் ஒப்புதல், பிரெஞ்சுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்கும் ஒப்புதலுக்கு ஈடாகாது. யாருக்கெல்லாம் தரவு போகிறது, எதற்காகப் போகிறது என்பதை அந்தப் பெட்டி போதிய அளவு சொல்வதில்லை. ஆகவே செயலியை வெளியிடுபவர் தம் சொந்தப் பெட்டி ஒன்றையும் காட்டியாக வேண்டும். மறுக்க விரும்புபவர் ஒரு முறை மறுத்தால் விஷயம் முடிந்தது. ஒப்புக்கொள்ள விரும்புபவரோ இரண்டு இடங்களில் ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்கிடையே ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரில் காட்டும் விளம்பரங்களுக்குத் தொடக்கத்தில் எதையுமே கேட்கவில்லை. ஐஓஎஸ் 15 வந்த பிறகு ஒரே ஒரு பெட்டியைக் காட்டத் தொடங்கியது.

என் கேள்வி இதுதான்: நல்ல விதி ஒன்றை வகுத்தவர் அதே களத்தில் வணிகமும் செய்கிறார் என்றால், அந்த விதியைத் தண்டிக்கலாமா?


கதவடைத்தான் எழுதியது:

அம்மா, தெளிவாக எடுத்து வைத்தமைக்கு நன்றி. ஆனால் பெட்டிகளை இவ்வளவு அக்கறையோடு எண்ணிய ஆணையம், 2012-க்கும் 2021-க்கும் இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் ஒரு சராசரி ஐபோன் பயனரிடம் யார் எத்தனை முறை கேட்டார்கள் என்பதையும் எண்ணியிருக்க வேண்டும். அமைப்புகளின் ஆழத்தில் 'விளம்பரப் பின்தொடர்தலைக் குறை' என்று ஒரு பொத்தான் புதைந்து கிடந்தது. அதை அழுத்தினாலும் 2016-இல் ஐஓஎஸ் 10 வரும் வரை அடையாள எண் போய்க்கொண்டுதான் இருந்தது. தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள் என்ற குறிப்பு மட்டும் கூடவே சென்றது.

2018-இல் ஐரோப்பாவின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதி நடைமுறைக்கு வந்த பிறகு கேட்டார்கள் என்பீர்கள். கேட்ட முறையையும் சொல்லுங்கள். 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்பது கண்ணைப் பறிக்கும் நிறத்தில் முதல் திரையில் இருக்கும். மறுப்பதற்கு இரண்டு மூன்று திரைகள் உள்ளே போய் ஒவ்வொரு குறியாக நீக்க வேண்டியிருக்கும். இதே பிரான்சில், இதே குற்றத்துக்காக, தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. ஏற்பதைப் போல மறுப்பதும் எளிதாக இருக்க வேண்டும் என்பதே அன்று அந்த ஆணையம் சொன்னது. மூன்றே ஆண்டுகளில் மற்றோர் ஆணையம், ஏற்பதைவிட மறுப்பது எளிதாக இருக்கிறது என்பதற்காக அதே 15 கோடியை இன்னொருவரிடம் கேட்கிறது.

ஒப்புக்கொள்பவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருப்பது எனக்கு அநீதியாகத் தெரியவில்லை. வீட்டை விற்பவர் பத்திரத்தின் எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்திடுகிறார்; விற்க மாட்டேன் என்பவர் எங்கும் கையெழுத்திடத் தேவையில்லை. திரும்பப் பெற முடியாத ஒன்றைக் கொடுக்கும்போது ஒரு தடைக்கல் கூடுதலாக இருப்பதில் என்ன பிழை?


நிரலோடி எழுதியது:

நான் கோயம்புத்தூரிலிருந்து சொல் விளையாட்டுச் செயலிகளை எழுதிப் பிழைப்பவன். அவற்றில் ஒன்றின் பிரெஞ்சுப் பதிப்புக்குப் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஓரளவு ஆட்கள் இருக்கிறார்கள். ஆகையால் நான் இந்த வழக்கில் நடுநிலையாளன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கதவடைத்தான் அவர்களின் பத்திர உவமை அழகாக இருக்கிறது, ஆனால் அதில் ஒரு ஆள் குறைகிறார். பத்திரம் எழுதும் அதே பதிவாளர், பக்கத்துத் தெருவில் தாமும் மனை விற்கிறார்; அவரிடம் வாங்கினால் ஒரே கையெழுத்து போதும்.

சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெட்டியைப் பற்றிப் பேசுபவர்களில் பலர் அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் பார்ப்பதில்லை. ஒரு விளம்பரத்துக்கு நூறு ரூபாய் செலவழிக்கிறேன் என்றால், அந்த நூறு ரூபாயால் எத்தனை பேர் செயலியை நிறுவினார்கள், அவர்களில் எத்தனை பேர் மறுநாளும் வந்தார்கள் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் விளம்பரம் செய்வது கிணற்றில் காசு போடுவதற்குச் சமம். அடையாள எண் இல்லாதபோது இதற்கு ஆப்பிள் கொடுத்த மாற்று எஸ்கேஆட்நெட்வொர்க் என்ற ஏற்பாடு. அதன் தொடக்கப் பதிப்புகளில், ஒரு நிறுவலைப் பற்றி எனக்குக் கிடைத்ததெல்லாம் 0 முதல் 63 வரையிலான ஒற்றை எண்தான். பயனர் விளையாடினாரா, வாங்கினாரா, மறுநாள் திரும்பினாரா என்ற எல்லாவற்றையும் அந்த 64 மதிப்புகளுக்குள் நானே மடக்கி வைக்க வேண்டும். அதுவும் உடனே வராது. குறைந்தது ஒரு நாள் காத்திருக்கும், பிறகு மேலும் ஒரு நாளுக்குள் எப்போதோ வரும். வந்தது யாருடையது என்று யாராலும் பிரித்தறிய முடியாதபடி வேண்டுமென்றே அப்படி அமைத்திருந்தார்கள். 2022 அக்டோபரில் வந்த நான்காம் பதிப்பு மூன்று முறை தகவல் அனுப்புகிறது என்றாலும், பிந்தைய இரண்டும் 'குறைவு, நடுத்தரம், அதிகம்' என்ற அளவோடு நின்றுவிடுகின்றன.

இதையெல்லாம் நான் ஏற்றுக்கொள்வேன், உண்மையாகத்தான் சொல்கிறேன், எல்லோருக்கும் இதே அளவுகோல் என்றால். ஆனால் அதே ஆப் ஸ்டோரின் தேடல் பக்கத்தில் ஆப்பிளிடமே விளம்பரம் வாங்கினால், அதற்குத் தனியாக வேறொரு அளவீட்டு வழி இருக்கிறது. பயனர் பின்தொடர்தலை மறுத்திருந்தாலும், இந்த நிறுவல் எந்தப் பிரச்சாரத்தால் வந்தது, எந்தத் தேடுசொல்லால் வந்தது என்பதை அது நிறுவலுக்கு நிறுவல் சொல்கிறது. விளம்பரத்தை எந்த நேரத்தில் தொட்டார் என்பதை மட்டும் மறைக்கிறது. ஒரே போன், ஒரே பயனர், ஒரே மறுப்பு. ஆனால் மற்றவரிடம் வாங்கிய விளம்பரத்துக்கு 64-இல் ஒரு எண், ஆப்பிளிடம் வாங்கிய விளம்பரத்துக்குத் தேடுசொல் வரை தகவல். மருமகள் உடைத்தால் பொன்குடம், மாமியார் உடைத்தால் மண்குடம் என்பதை மென்பொருளில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.


கதவடைத்தான் எழுதியது:

நிரலோடி ஐயா, நீங்கள் சொன்ன வேறுபாடு உண்மை. ஆனால் அதற்குக் காரணம் சலுகை அன்று. தேடல் விளம்பரத்தில் தொடுவதும் நிறுவுவதும் ஒரே கடைக்குள் நடக்கின்றன. ஒரு மளிகைக் கடைக்காரர் தம் கடையில் யார் எதைக் கேட்டு எதை வாங்கினார் என்பதை அறிவதும், ஊரிலுள்ள எல்லாக் கடைகளின் ரசீதுகளையும் ஒருவர் சேகரித்து உங்கள் பெயரில் ஒரு கோப்பு வைப்பதும் ஒன்றல்ல. ஆப்பிளின் விதி தடுப்பது இரண்டாவதை.

போகட்டும், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஐரோப்பியப் பயனர்களுக்கு நீங்களும் சொந்தப் பெட்டி ஒன்றைக் காட்டுகிறீர்கள் அல்லவா? அதில் மறுப்புப் பொத்தான் எந்தத் திரையில் இருக்கிறது?


காசுக்கணக்கு எழுதியது:

இருவரும் நெறியைப் பேசுகிறீர்கள். நான் வரவுசெலவைப் பேசுகிறேன். சிறு நிறுவனங்களுக்காக விளம்பரம் வாங்கிக் கொடுப்பது என் தொழில்.

2022 பிப்ரவரியில், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் தலைமை நிதி அதிகாரி, இந்த மாற்றத்தால் அந்த ஆண்டு ஏறத்தாழ 1,000 கோடி டாலர் வருவாய் பாதிக்கப்படலாம் என்று அறிவித்தார். மறுநாளே அந்நிறுவனத்தின் பங்கு 26 சதவீதம் சரிந்தது. அன்று பலர் கைதட்டினார்கள். அதற்குப் பின் நடந்ததைப் பாருங்கள். மெட்டாவின் ஆண்டு வருவாய் 2021-இல் 11,793 கோடி டாலர், 2022-இல் 11,661 கோடி, 2023-இல் 13,490 கோடி, 2024-இல் 16,450 கோடி. ஓராண்டு தள்ளாடியது, அவ்வளவுதான். கோடிக்கணக்கானோர் உள்நுழைந்து நாள்தோறும் பார்க்கும் சொந்தத் தளங்கள் அதனிடம் இருக்கின்றன. அங்கே கிடைக்கும் தரவுக்கு ஆப்பிளின் பெட்டி குறுக்கே வராது. இழந்த குறிப்புகளுக்குப் பதிலாகக் கணிப்பு இயந்திரங்களில் பெரும் பணத்தைக் கொட்டி மீண்டது.

கொட்டப் பணம் இல்லாதவர்கள் எங்கே போனார்கள்? சிறிய விளம்பர வலையமைப்புகளிடம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அளவிட முடியாமல் போனதும், அளவிட முடிந்த பெரிய இடங்களுக்கே திரும்பினார்கள். என் வாடிக்கையாளர்களையும் நான் அப்படித்தான் திருப்பினேன். வேறு வழி தெரியவில்லை. பிரெஞ்சு ஆணையமும் இந்த ஏற்பாடு சிறிய வெளியீட்டாளர்களைத்தான் அதிகம் பாதிக்கிறது என்கிறது, ஏனெனில் பிறரிடமிருந்து வரும் தரவை நம்பித்தான் அவர்கள் வருமானம் ஈட்டுகிறார்கள். சொந்தக் கோட்டை உள்ளவருக்கு இந்த விதி மழை. கூரை இல்லாதவருக்கு வெள்ளம்.


கதவடைத்தான் எழுதியது:

சிறு வணிகர்களின் பெயரால் யார் முதலில் அழுதார்கள் என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2020 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ், வால் ஸ்ட்ரீட் ஜர்னல், வாஷிங்டன் போஸ்ட் ஆகிய நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, எல்லா இடத்துச் சிறு வணிகர்களுக்காகவும் ஆப்பிளை எதிர்த்து நிற்கிறோம் என்று முழங்கியது ஃபேஸ்புக். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை அதற்கு முன் இவ்வளவு செலவில் யாரும் அச்சிட்டதில்லை.

காசுக்கணக்கு அவர்கள் கொடுத்த எண்களை நான் மறுக்கவில்லை. அவை சொல்வது பெரியவரின் சொந்தத் தளத் தரவுக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்பதைத்தான். ஒரு கதவை மூடினோம், திருடன் சன்னல் வழியாக வந்தான் என்றால், சன்னலையும் மூட வேண்டும். கதவைத் திறந்துவிடக் கூடாது.

இழப்புக் கணக்கில் வராத இழப்பு ஒன்று இருக்கிறது. ஃப்ளோ என்ற மாதவிடாய்க் கணக்குச் செயலி, கருவுற்றிருப்பது உள்ளிட்ட செய்திகளை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களின் கருவிகளுக்குக் கசியவிட்டது என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம்சாட்டி, 2021-இல் சமரச ஆணை பிறப்பித்தது. தன்பால் ஈர்ப்புள்ளோர் பயன்படுத்தும் கிரைண்டர் செயலி, பயனரின் இருப்பிடத்தையும், அவர் அந்தச் செயலியைப் பயன்படுத்துகிறார் என்ற செய்தியையும் விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததற்காக, அதே ஆண்டு டிசம்பரில் நார்வேயின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 6.5 கோடி குரோனர் அபராதம் விதித்தது. எந்த விளம்பரத்தால் எத்தனை நிறுவல் என்ற வெள்ளந்தியான கணக்குக்காகப் போடப்பட்ட குழாயில்தான் இவையும் ஓடின. நிரலோடி ஐயா அந்தக் குழாயில் தண்ணீர் மட்டுமே பிடித்திருக்கலாம். குழாய்க்கு அது தெரியாது.

தனிநபரைப் பின்தொடராமல் விளம்பரமே விற்க முடியாது என்பதும் சரியன்று. நெதர்லாந்துப் பொது ஒலிபரப்பின் விளம்பரப் பிரிவான ஸ்டெர், 2020-இல் விளம்பரக் குக்கிகளை (பார்ப்பவரை அடையாளம் காண உலாவியில் வைக்கும் சிறு கோப்புகளை) முற்றாகக் கைவிட்டது. பார்ப்பவர் யார் என்று தேடாமல், அவர் பார்க்கும் பக்கம் எதைப் பற்றியது என்பதை வைத்து விளம்பரம் விற்றது. வருமானம் விழவில்லை.


நிரலோடி எழுதியது:

ஸ்டெர் எடுத்துக்காட்டு எனக்குப் பொருந்தாது. அது நாட்டுக்கே தெரிந்த பொது ஒலிபரப்பு. விளம்பரதாரர் அதன் வாசலுக்கு வருவார். சமையல் நிகழ்ச்சிப் பக்கத்தில் அடுப்பு விளம்பரம் போடலாம். குறுக்கெழுத்துப் புதிருக்குப் பக்கத்தில் எதைப் போடுவது, அகராதியையா? குழாயைப் பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் மறுக்க முடியவில்லை. என் செயலிக்குள் இருக்கும் பிறரது நிரல் தொகுப்புகள் எதை எங்கே அனுப்புகின்றன என்பதை ஒவ்வொரு வரியாக நான் படித்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். படித்தவர்கள் குறைவு.


சட்டவாசகி எழுதியது:

விவாதம் சரியான இடத்துக்கு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். மளிகைக் கடை உவமையைக் கதவடைத்தான் அவர்கள் சொன்னபோதே குறுக்கிட எண்ணினேன்.

அந்த உவமை ஆப்பிள் வகுத்த வரையறையை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. ஆப்பிளின் விதியில் 'பின்தொடர்தல்' என்றால், ஒரு செயலி திரட்டிய தரவை வேறு நிறுவனங்களின் தரவோடு விளம்பரத்துக்காக இணைப்பது அல்லது தரவுத் தரகர்களுக்குக் கொடுப்பது என்றே பொருள். ஒரே நிறுவனம் தன் கடை, தன் செய்திச் செயலி, தன் பங்குச்சந்தைச் செயலி எல்லாவற்றிலும் கிடைப்பதை ஒன்றுசேர்த்தால் அது பின்தொடர்தல் ஆகாது. ஆகவே, ஒரு நிறுவனம் எவ்வளவு பெரிதாக, எவ்வளவு பலவற்றைத் தனக்குள் அடக்கியதாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அது பின்தொடராததாக ஆகிவிடுகிறது. ஜெர்மனியின் கூட்டாட்சிப் போட்டி ஆணையம் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட முதற்கட்ட மதிப்பீட்டில் முதலாவதாகக் கைவைத்தது இந்த வரையறையில்தான். பிற செயலிகளின் பயனர்கள் அடுத்தடுத்து நான்கு ஒப்புதல் பெட்டிகள் வரை பார்க்க நேர்கிறது, ஆப்பிளின் செயலிகளிலோ அதிகம் போனால் இரண்டு என்றும் அது சுட்டிக்காட்டியது. பெட்டிகளின் சொற்களும் அமைப்பும் ஒன்றில் மறுப்பை நோக்கியும் மற்றதில் ஏற்பை நோக்கியும் பயனரைத் தள்ளுகின்றன என்பது அதன் இன்னொரு குறை.

கதவடைத்தான் அவர்கள் பக்கமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2022 டிசம்பர் இறுதியில் சிஎன்ஐஎல் எடுத்த இரண்டு முடிவுகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் யாருக்கும் தலைநிமிர்ந்து பேச இடமில்லை. ஒன்றில் ஆப்பிளுக்கு 80 லட்சம் யூரோ அபராதம்: ஐஓஎஸ் 14.6-இல் ஆப் ஸ்டோர் விளம்பரங்களுக்கான அடையாளங்களைப் பயனரின் ஒப்புதல் இன்றியே படித்தது, அதற்கான அமைப்பு முன்னதாகவே 'ஆம்' என்று குறியிடப்பட்டிருந்தது. அதாவது, உலகத்துக்கெல்லாம் ஒப்புதல் பாடம் நடத்திக்கொண்டிருந்த அதே மாதங்களில். மற்றொன்றில் வூடூ என்ற பிரெஞ்சு விளையாட்டு நிறுவனத்துக்கு 30 லட்சம் யூரோ: பயனர் ஆப்பிளின் பெட்டியில் மறுத்த பிறகும், ஒரே வெளியீட்டாளரின் செயலிகளுக்குப் பொதுவான வேறோர் அடையாள எண்ணைப் படித்து விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது; பின்தொடர்தல் நிறுத்தப்பட்டுவிட்டது என்று திரையில் காட்டிக்கொண்டே.

மறுப்புப் பொத்தானில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை உற்றுக் கவனித்தவர்களுக்கு வூடூ செய்தது வியப்பளிக்காது. பின்தொடர வேண்டாம் என்று செயலியைக் 'கேட்டுக்கொள்' என்றுதான் அது சொல்கிறது. அடையாள எண்ணை மட்டுமே இயங்குதளம் தன் கையால் தடுக்கிறது. மின்னஞ்சல் முகவரியை மறைகுறியாக்கி ஒப்பிடுவது, கருவியின் தன்மைகளைக் கூட்டி அடையாளம் காண்பது போன்றவை விதிப்படி தடை, அவ்வளவுதான்.


புதுவரவு எழுதியது:

பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் ஐந்து போன்களும் ஆண்ட்ராய்டு. எங்களுக்கு இந்தப் பெட்டி எதுவும் வந்ததே இல்லையே?


சட்டவாசகி எழுதியது:

வராது. ஆண்ட்ராய்டில் விளம்பர அடையாள எண் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். வேண்டாம் என்றால் நீங்களே அமைப்புகளுக்குள் போய் அதை நீக்க வேண்டும். நீக்கினால் செயலிகளுக்குச் சுழியங்கள் போகும் ஏற்பாடு 2021 இறுதியிலிருந்துதான் படிப்படியாக வந்தது. அடையாள எண்ணுக்கு மாற்றாக 2022 பிப்ரவரியில் கூகுள் அறிவித்த 'பிரைவசி சாண்ட்பாக்ஸ்' திட்டத்தை 2025 அக்டோபரில் அந்நிறுவனமே மூடிவிட்டது.

இந்தியாவைப் பொறுத்தவரை, 2023-இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம் உண்டு. 18 வயதுக்கு உட்பட்டோரைப் பின்தொடர்வதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் ஒன்பதாம் பிரிவு தடுக்கிறது. உங்கள் வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பிரிவைப் படித்து வையுங்கள். இதற்குமேல் அது தனி இழையில் பேச வேண்டியது.


கதவடைத்தான் எழுதியது:

வரையறை பற்றிச் சட்டவாசகி அம்மா சொன்னது என்னை யோசிக்க வைத்தது. மளிகைக் கடை உவமையைத் திரும்பப் பெறுகிறேன். கடைக்காரருக்கே அந்தத் தெருவும், தெருவின் நுழைவாயிலும், வாயிலில் நிற்கும் காவலும் சொந்தம் என்றால் அது மளிகைக் கடை அன்று.

ஆனாலும் அபராதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் பணம் இல்லை. 15 கோடி யூரோ அந்நிறுவனத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. பிரெஞ்சு ஆணையம் முடிவின் சுருக்கத்தை இணையதளத்தில் ஏழு நாள் வெளியிடச் சொன்னது. பெட்டியை எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. குறையைச் சுட்டிவிட்டுத் திருத்தத்தைக் குற்றவாளியின் கையிலேயே கொடுத்தால் என்ன நடக்கும்? 2025 அக்டோபரில் ஆப்பிள், இந்த நெருக்கடி தொடர்ந்தால் ஐரோப்பாவில் இந்த வசதியையே திரும்பப் பெற நேரலாம் என்று சொல்லிவிட்டது. ஆணையங்கள் வென்று, விளம்பர நிறுவனங்கள் வென்று, பெட்டியில் 'வேண்டாம்' என்று தொட்டவர் மட்டும் தோற்பார். அவருடைய மறுப்பை இந்த வழக்கில் வாதாட யாரும் வரவில்லை. புகார் கொடுத்தவர்கள் அனைவரும் விளம்பரத் துறைச் சங்கங்கள்.


நிரலோடி எழுதியது:

அந்த மிரட்டலை மிரட்டல் என்றே சொல்வோம். என்னையும் அதே விதிக்குள் கொண்டுவந்தால் விதியையே எடுத்துவிடுவேன் என்பவர், அந்த விதியை எதற்காக வைத்திருந்தார் என்ற கேள்வி எழத்தானே செய்யும்?

திருத்தம் சொல்லப்படவில்லை என்பதும் முழுக்கச் சரியில்லை. போட்டி ஆணையம் கேட்டதன் பேரில் சிஎன்ஐஎல் கொடுத்த கருத்தில், சில சிறு மாற்றங்களைச் செய்தால் ஆப்பிளின் பெட்டி ஒன்றே சட்டம் கேட்கும் ஒப்புதலாகவும் அமையலாம் என்று இருக்கிறது. ஒரே பெட்டி. அதில் என் சொற்களும் வேண்டாம், ஆப்பிளின் சொற்களும் வேண்டாம். ஆணையம் எழுதிய சொற்கள் இருக்கட்டும். அதே பெட்டியை ஆப் ஸ்டோரும் தன் முதல் திரையில் காட்டட்டும். மறுத்தவரை நான் தொடமாட்டேன், ஆப்பிளும் தொடக்கூடாது. தேடுசொல் வரையிலான அந்தத் தனி அளவீடும் மறுத்தவர்களுக்கு நிற்கட்டும், அல்லது எனக்கும் அதே அளவு கிடைக்கட்டும்.


காசுக்கணக்கு எழுதியது:

மெட்டாவுக்கு?


நிரலோடி எழுதியது:

அவர்களுக்கும்தான். சொந்தத் தளத் தரவுக்கும் அதே பெட்டி. அது ஆப்பிளின் அதிகாரத்தில் இல்லை, பெரும் இணைய நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய எண்மச் சந்தைகள் சட்டத்தின் அதிகாரத்தில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் 'பணம் கட்டு அல்லது ஒப்புக்கொள்' ஏற்பாட்டுக்காக (விளம்பரமில்லாமல் பார்க்கப் பணம், இல்லையேல் தரவைப் பயன்படுத்த ஒப்புதல்) மெட்டாவுக்கு 20 கோடி யூரோ அபராதம் விதித்ததும் அந்தச் சட்டப்படிதான்.


கதவடைத்தான் எழுதியது:

அப்படி ஒரு பெட்டி வந்தால் நான் உங்கள் பக்கம் நின்று கையெழுத்திடுவேன், இரண்டு முறை வேண்டுமானாலும். ஆனால் ஐயா, நான் முன்பு கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் விடை சொல்லவில்லை.


நிரலோடி எழுதியது:

சொல்லாமல் நழுவினேன், உண்மைதான். கேள்வியைப் படித்த அன்றே என் செயலியைப் பிரெஞ்சு அமைப்பில் திறந்து பார்த்தேன். ஒப்புதல் பெட்டியை நான் எழுதவில்லை. விலைக்கு வாங்கிய ஒரு கருவி காட்டுகிறது. முதல் திரையில் 'ஏற்கிறேன்' என்ற பச்சைப் பொத்தானும், 'விருப்பங்களை அமை' என்ற சாம்பல் நிறச் சிறு எழுத்தும் இருக்கின்றன. மறுப்பு இரண்டாம் திரையின் அடியில், நிறுவனங்களின் நீண்ட பட்டியலுக்குக் கீழே இருக்கிறது. கருவியோடு இயல்பாக வந்த அமைப்பு அது. மாற்றலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

முதல் திரையில் ஒரே அளவில் இரண்டு பொத்தான்கள் வருமாறு மாற்றிய பதிப்பை நேற்றிரவு மதிப்பாய்வுக்கு அனுப்பியிருக்கிறேன். எத்தனை பேர் மறுக்கிறார்கள் என்ற கணக்கை ஒரு மாதம் கழித்து இங்கேயே எழுதுகிறேன். அபராதம் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.